இரைச்சலோடு வேண்டும்

“பாட்டுப் பேரு தெரியாது மொதலாளி. எங்கண்ணன் கோச்சி ஏறுன அன்னைக்கு டேசன் கடையில போன பாட்டு.”

1982, மழைக்காலம். அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்திருந்தார் அந்த அம்மா. இடுப்பில் கட்டிய படங்கிலிருந்து தண்ணீர் சொட்டிக் கடைத் தரை ஈரமானது. கையில் மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி, நனையாமல் ஒரு புதுக் கசெட். எந்தப் படம் என்று கேட்டேன், தெரியாது. பாடியது ஆணா பெண்ணா? ரெண்டு பேரும் மாதிரி இருந்தது. அண்ணன் இந்தியாவுக்குப் போனது எந்த வருடம்? எழுபத்தேழு, பொங்கல் கழிந்து ஒரு வாரம். காலையா, பின்னேரமா? காலை; ரேடியோவில் பிறந்தநாள் வாழ்த்து முடிந்து கொஞ்ச நேரம்.

எனக்கு அது போதும். அந்தத் தை மாதத்தில் இலங்கை வானொலி காலை வேளையில் திரும்பத் திரும்பப் போட்ட பாட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொன்றின் தொடக்க இசையை மட்டும் போட்டுக் காட்டினேன். நாலாவதில் புல்லாங்குழல் முடிந்து தபேலா விழுந்ததும் அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தட்டு புதிது, ஒலி கண்ணாடி மாதிரி. அவர் கேட்டபடி அந்த ஒரே பாட்டை ஒரு பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பதிந்து கொடுத்தேன். காசைக் கொடுத்துவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்று, “அதுல கொஞ்சம் எரைச்சல் இருந்துச்சு” என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அந்த இரைச்சலை ஒழிக்கத்தான் நாங்கள் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்கு விளக்கம் வேறு சொன்னேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. தொழில் தெரிந்த அளவுக்கு ஆள் தெரியாத வயது.

ரெக்கோடிங் பார் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. பலகையில் ‘பார்’ என்று இருப்பதைப் பார்த்துச் சாராயம் கேட்டு வந்தவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள், முக்கியமாகச் சம்பள நாளில். அட்டன் நகரத்தில் எட்டடிக்குப் பத்தடி அறை. இரண்டு கசெட் டெக், ஒரு டேர்ன்டேபிள், ஒரு அம்ப்ளிபயர், சுவர் நிறைய இசைத்தட்டு. மதராஸில் வெளியாகும் தட்டுகள் கொழும்பு வழியாக எங்களுக்கு வரும். வேண்டிய பாட்டுகளைக் கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள்; பதிந்து கொடுப்போம். பாட்டின் சொந்தக்காரர்களுக்கு இதில் ஒரு சதமும் போகவில்லை. களவுதான், மறைக்க ஒன்றுமில்லை. காப்புரிமை என்ற சொல்லை அந்நாளில் அட்டனில் ஒருவர் வாயிலும் நான் கேட்டதில்லை.

1977க்கு முன் இப்படி ஒரு கடையை நினைத்தும் பார்த்திருக்க முடியாது. சிறிமாவோ அம்மையாரின் ஆட்சியில் இறக்குமதிக்கு இறுக்கமான கட்டுப்பாடு. ஒரு கண்டென்சர் வாங்கக் கொழும்புவரை போய் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறேன். ஜே.ஆர். ஆட்சிக்கு வந்து கதவைத் திறந்துவிட்டார். ஓரிரு வருடத்துக்குள் ஜப்பான் டூ-இன்-வன் பெட்டிகள் மலை ஏறின. பெட்டி வாங்கியவனுக்குக் கசெட் வேண்டுமே. 1980இல் கடை திறந்தேன்.

தொழிலில் பாதி, நிமிடக் கணக்கு. 60 நிமிடக் கசெட்டில் ஒரு பக்கம் 30. சினிமாப் பாட்டு ஒன்று நாலு முதல் ஐந்து நிமிடம். ஆறு பாட்டு நிம்மதியாக ஏறும். ஏழாவது பாதியில் அறுந்தாலும் அறும். அறுந்தால் வாங்கியவர் சண்டைக்கு வருவார். இடம் காலியாக ஓடினால், “காசு வாங்கிட்டு வெறும் டேப்பு குடுத்திருக்கான்” என்பார். ஆகவே மிஞ்சும் இரண்டு மூன்று நிமிடத்துக்கென்று நாதஸ்வரத் துண்டு, வயலின் துண்டு எல்லாம் தனியாக எடுத்து வைத்திருப்பேன். கடைசி அங்குலம்வரை நிரப்பிக் கொடுக்கிறவன் என்று எனக்குப் பெயர். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள், பின்னால் வரும்.

மற்றப் பாதி, துடைப்பது. நாலைந்து கசெட் ஓடியதும் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் ஹெட்டைத் துடைக்க வேண்டும். பஞ்சில் தேயிலைச் சாயம் போல ஒரு பழுப்பு ஒட்டும். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி. அது மயிரிழை சாய்ந்திருந்தால் மேல்ஸ்தாயி ஒலிகள் செத்துப்போகும், ஜானகி கம்பளிக்குள் இருந்து பாடுவதுபோல் கேட்கும். அதனால் நல்ல வாடிக்கையாளரைப் பெட்டியையும் தூக்கிவரச் சொல்வேன். அவர் பெட்டியின் சாய்வு எப்படியோ அப்படி என் டெக்கையும் சாய்த்துப் பதிவேன். மலைநாட்டில் எங்களுக்குப் பெரிய எதிரி பூஞ்சணம். நுவரெலியாவிலிருந்து வரும் கசெட்டை மூக்கில் பிடித்தே சொல்லிவிடுவேன்.

மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமிவரை சிவனொளிபாத மலைக்குப் போகிற கூட்டம் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். அந்த மாதங்களில் சிங்களக் கசெட்டுக்கு நல்ல ஓட்டம். எச்.ஆர். ஜோதிபாலவின் பாட்டைக் கேட்டு வாங்கிப்போவார்கள். இந்தி, தமிழ்ப் படங்களின் மெட்டிலேயே நிறையச் சிங்களப் பாட்டுகள் அந்தக் காலத்தில் உண்டு. ஒரே மெட்டை ஒரு கசெட்டில் தமிழிலும் இன்னொன்றில் சிங்களத்திலும் ஒரே நாளில் விற்றிருக்கிறேன்.

நாள் சொல்லிப் பாட்டுக் கேட்கிறவர்களை நான் எப்படிக் கண்டுபிடித்துக் கொடுத்தேன் என்று சிலர் ஆச்சரியப்படுவார்கள். அதில் என் கெட்டித்தனம் ஒன்றுமில்லை. எல்லாருடைய காதுக்கும் ஊற்று ஒன்றுதான்.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா, ஒரு ரேடியோ. தோட்டம் டிக்கோயாப் பக்கம். மின்சாரம் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் உத்தியோகத்தர் வீடுகளுக்கும்தான். பெரியப்பா வீட்டு நேஷனல் ரேடியோ பெட்டரியில் ஓடும். பெட்டரி களைத்துப்போனால் வெயிலில் வைப்போம். வெயில் ஏது, அடுப்பு மேட்டில் வைப்போம். இன்னும் இரண்டு நாள் தம் பிடிக்கும். மலை மறைப்பதால் ஒலி வந்துவந்து போகும். செப்புக் கம்பியைக் கூரையிலிருந்து மரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார் பெரியப்பா. காற்று அடித்தால் பாட்டும் ஆடும்.

1950இல் ரேடியோ சிலோன் வர்த்தக சேவையைத் தொடங்கியது. 1967இல் அது கூட்டுத்தாபனமாக மாறியது. எங்களுக்கு எப்போதும் அது ‘கொழும்பு ரேடியோ’தான். மயில்வாகனன் எங்கள் அப்பாவின் ஆள். கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் எங்கள் ஆட்கள். ராஜேஸ்வரி அக்காவின் குரல் வந்துவிட்டால் இஸ்தோப்பில் தலை வாரிக்கொண்டிருக்கும் பெண்களின் சீப்பு நின்றுவிடும். நேயர்கள் எழுதியனுப்பும் கதையை நடுநடுவே சினிமாப் பாட்டு வைத்துச் சொல்லும் ‘இசையும் கதையும்’ வந்தால் லயமே மூக்கைச் சிந்தும்.

ஆனால் உயிர் இருந்தது ‘நீங்கள் கேட்டவை’யில். தபாலட்டையில் பாட்டையும் விரும்பிக் கேட்போர் பெயர்களையும் எழுதிப் போட வேண்டும். ஒரு அட்டையில் லயம் முழுவதையும் எழுதுவோம். பாட்டு எதுவாக இருந்தாலும் சரி. பெயர் வர வேண்டும். ‘டிக்கோயா’ என்று அறிவிப்பாளர் தொடங்கினாலே பீலியடியில் குடம் வைத்தவர்கள் அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார்கள். செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் தங்கள் பெயரை யாரும் வாசித்துக் கேட்டிராதவர்கள். வாக்காளர் பட்டியலில் இல்லை, பிரஜை இல்லை. கொழும்பிலிருந்து ஒரு குரல் ‘திருமதி’ போட்டு வாசித்தது. என் சின்னம்மா பெயர் வந்த அன்று பின்னால் என்ன பாட்டுப் போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். சின்னம்மாவுக்குத் தெரியாது. தன் பெயரைக் கேட்ட பிறகு அவர் எதையும் கேட்கவில்லை.

தோட்டப் பள்ளிக்கூடம் முடிந்ததும் அட்டனில் ஒரு பாயிடம் ரேடியோ திருத்தப் பழகினேன். ஈயம் உருக்கிய கையோடுதான் எனக்கு மீசை முளைத்தது.

இனி அக்காவைப் பற்றி.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் சனத்தைத் தலை எண்ணிப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். எங்கள் வீட்டில் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள் இரண்டு நாடானோம். அப்பா இலங்கைக்கு எழுதிப் போட்டார், அத்தான் வீட்டார் இந்தியாவுக்கு. 1973, 74 பஞ்சத்தில் மரவள்ளிக்கும் வழியில்லாமல் கிடந்தபோது அத்தான் எடுத்த முடிவு அது. குறை சொல்ல முடியாது. 1976 ஐப்பசியில் அக்காவுக்குக் கடவுச்சீட்டு வந்தது.

அட்டன் ஸ்டேசனிலிருந்து தலைமன்னாருக்குக் கோச்சி. அங்கிருந்து ராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அந்தக் கோச்சிக்கு எங்கள் சனம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஏறுகிறவர்களும் ஏற்றிவிட வந்தவர்களும் வைக்கிற ஒப்பாரியில் ஊதல் சத்தமே கேட்காது. அன்றும் அப்படித்தான். ஆனால் எனக்குக் கேட்டது ஒப்பாரி அல்ல. ஸ்டேசன் ஓரத் தேத்தண்ணிக் கடை ரேடியோவில் ‘அன்னக்கிளி’ படத்தில் ஜானகி பாடிய ஒரு பாட்டு. அந்த வருடம்தான் படம் வந்திருந்தது. இளையராஜா என்ற பெயரை நாங்கள் அப்போதுதான் கேட்டுப் பழகிக்கொண்டிருந்தோம். சந்தோஷமான பாட்டு. சாவு வீடு மாதிரி இருந்த இடத்தில் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைக்காரருக்கு அதை நிறுத்தத் தோன்றவில்லை. அக்கா ஜன்னலில் இருந்தது. நான் கீழே நின்றேன். கோச்சி நகர்ந்தபோது பாட்டு முடியவில்லை.

அக்கா குடும்பம் கோத்தகிரிக்குப் போய்ச் சேர்ந்தது. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை. அங்கேயும் மலை, அங்கேயும் கொழுந்து, அங்கேயும் லயம். இராத்திரியில் இலங்கை வானொலி அங்கே எடுக்கும் என்று எழுதியிருந்தது. அட்டன், நோர்வூட், பொகவந்தலாவை என்று பெயர் வாசிக்கும்போது தெரிந்த ஆள் வருமா என்று காது வைத்துக்கொண்டிருப்பார்களாம்.

1984இல் கப்பலும் நின்றது. அடுத்த வருடம் அக்காவின் கடிதம் வந்தது: “கோச்சி ஏறுன அன்னிக்கு டேசன்ல போன பாட்டு உனக்கு ஞாபகம் இருக்கா தம்பி? நீதான் பாட்டுக் கடை வச்சிருக்கியே.”

ஒன்பது வருடத்தில் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்திருந்தேன்.

அப்போது என்னிடம் டொல்பி வைத்த டெக் வந்திருந்தது, இரைச்சலைக் குறைக்கிற வசதி. என் நாலைந்து மாதச் சம்பாத்தியம் அதற்குள் கிடந்தது. தட்டைத் துடைத்து, ஊசி மாற்றி, என் ஆயுளில் அதுவரை எடுக்காத சுத்தத்தில் அந்தப் பாட்டை எடுத்து, விமானத்தில் போன ஒருவர் கையில் கொடுத்தனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பாட்டு நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் ஆடுகிறார்கள், ஆனால் “அது இல்ல”.

தொழில்காரனுக்கு இதைவிட அடி கிடையாது. அதே படம், அதே ஜானகி, எது இல்லை? ஒரு வாரம் கோபத்தில் இருந்தேன். பிறகுதான் 82இல் வாசலில் திரும்பி நின்ற அந்த அம்மாவின் ஞாபகம் வந்தது.

‘நீங்கள் கேட்டவை’க்கு ஆறு தபாலட்டை போட்டேன். அக்கா, அத்தான், பிள்ளைகள் பெயர் எல்லாம் எழுதி. ஒரு சனிக்கிழமை போனது பாட்டு. கடையின் நல்ல டெக்கையெல்லாம் நிறுத்திவிட்டு, திருத்த வந்திருந்த ஒரு பழைய ரேடியோவைக் கதவோரம் வைத்து, முன்னால் ஒரு மைக்கை நட்டு, கதவைத் திறந்தே விட்டுப் பதிந்தேன். அறிவிப்பாளர் பெயர்களை வாசிக்கிறார், வந்துவந்து போகிறது, தகரத்தில் மழை, பஸ் கொண்டக்டர் “மஸ்கெலியா, மஸ்கெலியா” என்று தொண்டை கிழியக் கத்துகிறான், நடுவில் எங்கேயோ ஜானகி. கடைக்கு வந்த வேறெவருக்காவது இப்படிக் கொடுத்திருந்தால் என் முகத்தில் எறிந்திருப்பார்கள்.

அக்காவின் அடுத்த கடிதத்தில் பாட்டைப் பற்றி ஒன்றுமில்லை. மஸ்கெலியா என்றால் என்ன என்று சின்னவன் கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். அத்தான் தினமும் கேட்கிறாராம், ஆனால் மழைச் சத்தம் வருகிற இடத்தில் நிறுத்திவிடுகிறாராம்.

அதற்குப் பிறகு நாள் சொல்லிக் கேட்டு வருகிறவர்களிடம் நான் ஒரு கேள்வி சேர்த்துக்கொண்டேன்: “ரெக்கார்டுல இருந்து வேணுமா, ரேடியோவுல இருந்து வேணுமா?” ரேடியோ என்று சொன்னவர்கள் தொகை உங்களை ஆச்சரியப்படுத்தும்.

எல்லாரும் பாட்டை வைத்துக்கொள்ளத்தான் வந்தார்கள் என்றில்லை. 83 இனக் கலவரத்தில் நுவரெலியா நகரம் எரிந்தது. நான் தட்டுகளைத் தேயிலைச் சாக்கில் கட்டித் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு மூன்று வாரம் கடை திறக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் நுவரெலியாவில் கடை இழந்த ஒருவர் பழைய கசெட் ஒன்றோடு வந்தார். மூன்றாவது பாட்டை எடுத்துவிட வேண்டும். கடைக்குத் தீ வைத்தபோது உள்ளே அது ஓடிக்கொண்டிருந்தது. அழித்துக் கொடுத்தேன். ஒரு மாதத்தில் மறுபடியும் வந்தார். அந்த நாலரை நிமிடம் சும்மா இருப்பது பாட்டைவிட மோசமாம். இரண்டாவது பாட்டு முடிந்ததும் வீட்டில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்களாம். ஒரு நாதஸ்வரத் துண்டை வைத்து மூடினேன். அது உதவியதா என்று தெரியாது. பிறகு அவர் வரவில்லை.

வயதானவர்களுக்கு என் சுவரில் இருந்த தட்டு எதுவும் உதவாது. பொகவந்தலாவைப் பக்கமிருந்து ஒரு பாட்டி வந்து, மீனாட்சி அம்மா பாடின பாட்டு இருக்கிறதா என்றார். தொழிற்சங்கம் கட்டிய நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாடிக்கொண்டு போய்த் தொழிலாளரைக் கூட்டியவர். 1940இல் பாட்டுப் புத்தகமும் போட்டார். குரல் எங்கே போவது? இல்லை என்றேன். “என்னா கடையோ” என்று சொல்லிவிட்டுப் போனார் பாட்டி. இன்னொரு பெரியவருக்கு வேண்டியது பெரட்டுத் தப்பு. முன்பெல்லாம் இருட்டோடு தப்படித்துத்தான் சனத்தை எழுப்பி, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூப்பிடுவார்கள். நாற்பது வருடம் அந்தத் தப்பைத் திட்டிக்கொண்டே எழுந்தவர் அவர். பென்சன் வாங்கிய பிறகு தூக்கம் தெளிய மறுக்கிறதாம்.

அந்த அடி தெரிந்த ஒரு தப்புக்காரர் கிடைத்தார். மாசியில் காமன் கூத்துக்கு அடிக்கிற கை. பக்கத்தில் மைக்கை வைத்தால் ஊசி சிவப்பில் போய் ஒட்டிக்கொண்டது. பெரியவர் தலையை ஆட்டினார். “நான் இப்படியா கேட்டேன்? நான் உள்ள படுத்துல்ல கெடந்தேன்.” ஆகவே தப்புக்காரரைப் பெரட்டுக்களத்துக்கு அனுப்பிவிட்டு, மைக்கைப் பெரியவரின் காம்பராவுக்குள் கம்பளிக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்திப் பதிந்தேன். மரப்பலகைக்கு அப்பாலிருந்து மங்கலாக வருகிறது தப்பு. அடுப்பங்கரையில் இருந்த அவர் சம்சாரம் பழக்கதோஷத்தில் “நேரமாச்சா?” என்கிறார். அதுவும் பதிவாகிவிட்டது. வெட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

இந்த இடத்தில் என்மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை தோட்டத்துச் சனங்களின் பாட்டுகளைத் தேடித் தேடி எழுதிச் சேர்த்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் புத்தகமாக வந்தது. அவர் கையில் பேனா. அதே வருடம் என் கடையில் இரண்டு டெக், பெட்டி பெட்டியாக வெற்றுக் கசெட். நான் சினிமாப் பாட்டுப் பதிந்துகொண்டிருந்தேன். தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் என் வாசல் வழியாகத்தான் சந்தைக்குப் போய்வந்தன. பத்துக் கசெட்கூட எடுத்து வைக்கவில்லை. அந்தத் தப்பு ஒன்றுதான்.

எண்பதுகளின் கடைசியில் தோட்டத்துப் பெண்கள் மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். எழுதத் தெரியாத வீடுகளில் கடிதம் கசெட்டில் போனது. கடையின் பின்மூலையை அடைத்து, சுவரில் கம்பளி தொங்கவிட்டு, ஒரு மைக் வைத்துக் கொடுத்தேன். புருசன், பிள்ளை, மாமியார் என்று வரிசையில் நின்று பேசுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு மைக்கைக் கண்டால் வாய் வராது. “அம்மாவுக்கு ஒரு பாட்டுப் பாடு” என்றால் மட்டும் பாடும்.

1991இல் ஒரு பையன் வந்தான். தங்கச்சிக்குச் சடங்கு, பன்னிரண்டு பாட்டு வேண்டும். புதுக் கசெட்டுக்குக் காசில்லை. “பழசு ஒண்ணு இருக்கு. அழிச்சிட்டுப் போடுங்க.” இரண்டு பக்கமும் ஆறு ஆறாகப் பதிந்து கொடுத்தேன். சடங்குச் சீசன், இருபது பேர் வரிசையில். என்ன இருந்தது என்று கேட்டுப் பார்க்க நேரம் எடுக்கவில்லை.

பத்து நாளில் அவன் தாய் வந்தார். சவூதியில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவர் அங்கே இருந்தபோது, 1988இல், இதே கடையின் பின்மூலையில் நின்று அவர் புருசன் பேசி அனுப்பிய கசெட் அது. மனுசன் 89இல் இறந்துபோனார். தாய் அதைப் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பையனுக்குத் தெரியாது. என்னைத் திட்டுவார் என்று காத்து நின்றேன். அவர் கசெட்டை மேசைமேல் வைத்து, “இத ஏதும் செய்யலாமா?” என்று மட்டும் கேட்டார்.

அழித்த டேப்பில் ஒன்றும் செய்ய முடியாது. அதைச் சொல்ல வாய் வராமல், கையாவது அசையட்டும் என்று டெக்கில் போட்டேன். முதல் பக்கம் பாட்டு, முடிவில் என் வழக்கமான வயலின் துண்டு. இரண்டாம் பக்கம் ஆறு பாட்டு. ஆறாவது முடிந்தது. அவசரத்தில் அந்தப் பக்கத்துக்கு மட்டும் நான் துண்டு வைக்கவில்லை. பத்து வருடத் தொழிலில் நான் நிரப்பாமல் கொடுத்த கசெட் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

டப் என்று ஒரு சத்தம். பிறகு அந்த மனுசன் குரல். ஆட்டுக்குட்டி ரெண்டு போட்டிருக்கிறது. அரிசி விலை ஏறிவிட்டது. கூரைத் தகரத்துக்குத் தோட்டத்தில் சொல்லியிருக்கிறேன். சின்னவள் பல் விழுந்துவிட்டது. பிறகு ஒரு பழைய எம்.ஜி.ஆர். பாட்டை, பாடத் தெரியாத ஆண்கள் முணுமுணுப்பது போல, கொஞ்சம். “கடையில நேரமாச்சிம்பாங்க, வைக்கிறேன்” என்கிறார். பின்னாலிருந்து ஒரு குரல்: “இல்லண்ணே, இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு, பேசுங்க.” அது நான்.

மொத்தம் மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதை இரண்டு புதுக் கசெட்டில் எடுத்து, யாரும் அழிக்க முடியாதபடி முதுகிலுள்ள இரண்டு பல்லையும் உடைத்துக் கொடுத்தேன். என் குரலை வெட்டிவிட்டுத்தான் முதலில் எடுத்தேன். அந்த அம்மா சம்மதிக்கவில்லை. மறுபடி முழுதாக எடுத்தேன்.

அன்றிலிருந்து பழைய கசெட் எது வந்தாலும் இரண்டு பக்கத்தையும் ஓட விட்டுக் கேட்காமல் கை வைத்ததில்லை. இதனால் வியாபாரம் குறைந்தது, பரவாயில்லை. சீடி வந்தது, பிறகு எம்பி3 வந்தது. 2002இல் கடையை மூடினேன். இப்போது அந்த இடத்தில் தொலைபேசிக்கு ரீலோட் போடுகிறார்கள்.

ஊரில் இன்னும் சிலர் கசெட்டைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வருகிறார்கள். ஒரு டெக் உயிரோடு வைத்திருக்கிறேன். ரப்பர் பெல்ட் கிடைப்பதுதான் பாடு. வருகிறவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். பரணில் கிடந்த கசெட்டை எடுத்த கையோடு பெட்டியில் போடாதீர்கள். ஈரம் பட்டிருந்தால் டேப் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், இழுத்தால் அறும். வெயிலில் வைக்காதீர்கள், அடுப்பு மேட்டிலும் வைக்காதீர்கள். அது பெட்டரிக்குச் சரி. காற்றுப் படும் நிழலில் இரண்டு நாள் வைத்து, பென்சிலைக் கசெட்டின் கண்ணில் விட்டு, அந்தக் கோடி முதல் இந்தக் கோடிவரை மெதுவாகச் சுற்றுங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் நீங்கள் தொட வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். போனில் ஏற்றுவதாக இருந்தால் இரைச்சல் நீக்கும் பொத்தானை அமுக்காமல் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். டேப் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள், இரண்டு பக்கமும்.